வண்டிப்பேட்டையும் கோயில் வாசலும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய வறள்நிலம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. மதுரைக்குத் தெற்கே, வைகைப் பாசனம் எட்டாத இடத்தில் தொடங்கி, குண்டாற்றின் இரு கரையிலுமாகக் கமுதி வரை இது ஒரே வாகான நிலம். ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் அளவில்தான்; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். கண்மாய் பெருகினால் நெல், இல்லையென்றால் மானாவாரி. கரிசலில் பருத்தியும் சோளமும் கம்பும், செவலில் கடலையும் பயறும், கிழக்கே போகப் போக மிளகாய். ஆற்றுப் பாசன நாடுகளைப் போல ஒரே குடி நூற்றாண்டுகளாக நிலைத்து மேலோங்கும் அளவுக்கு இந்த மண் எவருக்கும் வாரிக் கொடுத்ததில்லை. போர்த்தொழில் செய்தவர், உழவர், நெசவாளர், வணிகர் எனப் பலர் வெவ்வேறு காலங்களில் வந்து அமர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் அவர்களுள் இரண்டு உலகங்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்று, காவலையும் கோயில் மரியாதையையும் அச்சாகக் கொண்ட ஜமீன் உலகம். மற்றொன்று, மாட்டுவண்டியையும் மகமையையும் கொண்டு வளர்ந்த வணிக உலகம். அந்த மோதல் கமுதியில் ஒரு கோயில் வாசலில் வெடித்து, லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போனது.

பழைய உலகத்தின் அமைப்பைத் திருச்சுழியில் தெளிவாகக் காணலாம். குண்டாற்றங்கரையில் உள்ள பூமிநாதர் கோயில் சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். பாண்டியர் காலக் கல்வெட்டுகள் கொண்டது. பாண்டியர் மறைந்த பின் இந்த நிலம் மதுரை நாயக்கர்களுக்கும், 17ஆம் நூற்றாண்டிலிருந்து வலுவடைந்த இராமநாதபுரம் சேதுபதிகளுக்கும் உட்பட்டது. சேதுபதியின் அதிகாரம் வாளோடு நின்றுவிடவில்லை. இராமேசுவரம் தொடங்கிச் சிற்றூர்க் கோயில்கள் வரை அவர் அறங்காவலர்; தேர் நகர்வதும் திருவிழா நடப்பதும் அவர் பெயரால். யாருக்கு முதல் பரிவட்டம், யார் எந்த வடத்தைப் பிடிப்பது, யார் எந்த வாசல் வரை வரலாம் என்பதெல்லாம் அந்த நாட்டின் அதிகார வரைபடம். வரி கட்டாதவரைக் கூடச் சில ஆண்டுகள் பொறுப்பார்கள். மரியாதை வரிசையில் கை வைத்தவரைப் பொறுக்க மாட்டார்கள்.

இந்த அமைப்புக்குள் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் படைகள் மதுரையை வென்ற பின்னும், 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்ற பின்னும் தெலுங்கு பேசும் ரெட்டியார், கம்மவார், கம்பளத்தார் குடிகள் தெற்கே இறங்கிக் கரிசலில் அமர்ந்தன. ஆற்றோர நிலங்களில் ஏற்கெனவே ஆள் இருந்தது. கரிசலோ ஆழ உழுது, ஈரம் காத்து, பொறுமையோடு வேலை வாங்கும் மண். அதை வசப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. அருப்புக்கோட்டையில் தேவாங்கர்களும் சாலியர்களும் தறி போட்டார்கள். தேவாங்கர் வீட்டில் பேசியது கன்னடம். அவர்கள் தெய்வம் சௌடாம்பிகை. அம்மனை அழைக்கும் போது மார்பில் கத்தி போட்டுக்கொண்டு வருவது அவர்கள் திருவிழா வழக்கம். சுற்றிலும் விளைந்த பருத்தி நூலாகி, தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி பூசப்பட்டு, சேலையாகிச் சந்தைக்குப் போனது.

மொழியும் தெய்வமும் உணவும் வேறான இத்தனை குடிகள் நூற்றாண்டுகளாக அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தும், பெரிய மோதல் ஒன்றும் நேரவில்லை. விண்வெளியில் இரண்டு விண்மீன் மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகும்போது நடப்பதை இதற்கு ஒப்பிடலாம். நம் பால்வெளியை நோக்கி ஆண்ட்ரோமெடா மண்டலம் நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. அவை என்றேனும் மோதினாலும், விண்மீனோடு விண்மீன் முட்டுவது மிக அரிதாகவே இருக்கும். இடையில் உள்ள வெளி அவ்வளவு பெரியது. உண்மையில் மோதிக்கொள்வது இடைவெளியில் பரவியிருக்கும் வாயு மேகங்கள். அவை நெருக்கப்பட்டுப் புதிய விண்மீன்களைப் பிறப்பிக்கும். கரிசல் ஊர்களிலும் குடிகள் தத்தம் தெருவுக்குள் தத்தம் பாதையில் சென்றார்கள். முட்டிக்கொள்ள வாய்ப்பிருந்தது எல்லாருக்கும் பொதுவான இடங்களில்: சாலை, சந்தை, தேரோடும் வீதி, கோயில் வாசல். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பொது இடங்களின் தன்மையே மாறிப்போனது.

மாற்றத்தின் தொடக்கம் 1801. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அதே ஆண்டில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதிப் பகுதியில் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. 1801இல் மருது சகோதரர்களும் வீழ்ந்த பின் கிழக்கிந்தியக் கம்பெனி பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது, கோட்டைகளை இடித்தது. 1803இல் சேதுபதி குடும்பத்து மங்களேசுவரி நாச்சியாருக்குச் சாசனம் கொடுத்து, அரசாக இருந்த இராமநாதபுரத்தைக் கிஸ்தி கட்டும் ஜமீனாக மாற்றியது. ஊர்க்காவலும் நாட்டுக்காவலும் பார்த்து, அதற்காகத் தானியமும் பணமும் பெற்றுவந்த மறவர் குடிகளின் உரிமை படிப்படியாகச் செல்லாததாக்கப்பட்டது. காவலுக்கு மாற்றாக வந்த போலீஸ் அவர்களுக்கு வேலை தரவில்லை. வானம் பார்த்த நிலமும் போதவில்லை. பின்னால் நடந்த கொடுமைகளை நியாயப்படுத்த இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த இழப்பை விட்டுவிட்டு அவற்றின் காரணத்தை விளக்க முடியாது.

ஒருவருக்கு வாசல் அடைந்த அதே ஆண்டுகளில் இன்னொருவருக்குப் பாதை திறந்தது. திருநெல்வேலிச் சீமையின் தேரி நிலங்களில் பனையேறிக் கருப்பட்டி காய்ச்சிய நாடார்களுள் ஒரு பகுதியினர், கருப்பட்டியையும் உப்பையும் கருவாட்டையும் பொதிமாட்டிலும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். பாளையக்காரர் காலத்தில் ஒவ்வொரு எல்லையிலும் சுங்கம். வழிப்பறி அச்சம் வேறு. அது தணிந்ததும் வண்டிகள் பெருகின. வழியில் இறக்கிவைக்கவும், மாடு தண்ணீர் குடிக்கவும், இரவில் பாதுகாப்பாகத் தங்கவும் மதில் சூழ்ந்த பேட்டைகள் கட்டினார்கள். பேட்டையைச் சுற்றிக் கடை, கடையைச் சுற்றித் தெரு என்று ஊர்கள் வளர்ந்தன. சிவகாசி, விருதுபட்டி என்று அப்போது அழைக்கப்பட்ட விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறும் இவ்வாறு எழுந்த முதன்மையான நாடார் வணிக ஊர்கள். அவற்றுள் இரண்டு, பாலையம்பட்டியும் அருப்புக்கோட்டையும், அடுத்தடுத்து இருப்பவை.

அந்த வணிகத்தின் உயிர்நாடி மகமை. பேட்டையில் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு பங்கு பொது நிதிக்குப் போகும். அதை வசூலிப்பவர் முறைகாரர். அந்தப் பொறுப்பு முறை வைத்துச் சுற்றி வருவதால், ஒரு வீடே அதைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. ஊரிலுள்ள குடும்பத் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்த உறவின்முறை கணக்கைக் கேட்கும், வழக்கைத் தீர்க்கும், அபராதம் போடும். மகமைப் பணத்தில் முதலில் பேட்டையும் கிணறும் வந்தன, அடுத்துக் கோயில்கள், அதற்கடுத்துப் பள்ளிக்கூடம். விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியைக் கொண்டு நடந்தது. பின்னாளில் காமராசர் படித்ததும் அங்கேதான். அரசன் கொடுத்த மானியமோ வெள்ளைக்காரன் கொடுத்த உதவியோ இல்லாமல், விற்ற மூட்டையிலிருந்து எடுத்த காசில் ஒரு சமூகம் தன் கல்வியைக் கட்டியது. தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றில் இதற்கு ஈடான செயல்கள் மிகச் சிலவே. பள்ளியின் பெயரில் இருந்த க்ஷத்திரிய என்ற சொல்லும் அக்காலத்தில் ஓர் அறைகூவல்தான். அரசர் மரபினர் தாம் என்ற உரிமைக் குரல் அதில் இருந்தது. 1849இல் கால்டுவெல் தங்களைத் தாழ்த்தி எழுதிய நூலுக்கு எதிராகவும் இதே தலைமுறைதான் எதிர்ப்பைக் கிளப்பியது.

நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பணம் வேகமாக ஓடத் தொடங்கியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரத்து நின்று, இந்தியப் பருத்தி விலை ஏறியது. கரிசல் காட்டுப் பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வண்டி வண்டியாகப் போனது. 1876இல் மதுரையிலிருந்து விருதுநகர் வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடிற்று. அதே ஆண்டு தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மானாவாரி உழவர்களை முறித்தது. அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தது 1960களில்தான். அதுவரை அது வண்டி ஊராகவே இருந்தது. பஞ்சத்தில் முறிந்த உழவர்களுக்கு விதைக்கும் வரிக்கும் வயிற்றுக்கும் கடன் வேண்டியிருந்தது. கடன் கொடுக்கக்கூடிய கை வணிகர் கை. நிலத்தின் பேரில் பெருமை கொண்டிருந்தவர்கள், தாங்கள் தாழ்வாக நினைத்தவர்களிடம் பத்திரம் எழுதிக் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். பழைய உலகம் தன் வலிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, மரியாதை ஒன்றை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.

புதிய உலகத்துக்கோ பணம் இருந்தது, கல்வி வந்தது, மரியாதை கிடைக்கவில்லை. கோயிலுக்குள் நுழையக் கூடாது. திருமண ஊர்வலம் தேரோடும் வீதியில் போகக் கூடாது, பல்லக்கில் ஏறக் கூடாது. வரியும் மகமையும் நன்கொடையும் வாங்கும்போது யாரும் தீட்டுப் பார்க்கவில்லை. தீபாராதனைத் தட்டுக்கு முன்னால் மட்டும் தீட்டு நின்றது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காக நடத்திய நீண்ட போராட்டம் 1859இல் மன்னரின் அறிவிப்பில் முடிந்திருந்தது. அங்கே மிஷனரிகள் துணை நின்றார்கள். இராமநாதபுரத்து ஆறு ஊர்களின் பாதை வேறு. அவர்கள் பெரும்பாலும் சைவ சமயத்திலேயே நின்று, அதன் வாசலுக்குள்ளேயே தங்கள் இடத்தைக் கேட்டார்கள். மதம் மாறிப் போகிறோம் என்பவரைவிட, உன் சாமி எனக்கும் சாமி என்று சொல்லி நிற்பவரே பழைய அமைப்பை அதிகம் நிலைகுலைய வைத்தார்.

1897ஆம் ஆண்டு இந்த நிலத்தின் வரலாற்றில் தனித்து நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டு இறுதியில்தான், திருச்சுழியில் பிறந்த பதினாறு வயது வேங்கடராமன் மதுரை வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போயிருந்தான். உலகம் பின்னர் அவனை ரமண மகரிஷி என்று அறிந்தது. அவன் தந்தை சுந்தரமையர் திருச்சுழிக் கோர்ட்டில் சான்றிதழ் பெறாத வக்கீலாக இருந்து, 1892இல் இறந்தவர். இங்கிலீஷ் கோர்ட் ஒன்று இந்தச் சிற்றூர் வரை வந்து, பிராது எழுதுவதும் வாதாடுவதும் ஒரு பிழைப்பாகிவிட்டிருந்த காலம் அது. 1897 ஜனவரி 26 அன்று சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்றவர் சேதுபதி பாஸ்கரர். 1893இல் விவேகானந்தரை அந்தப் பயணத்துக்கு ஊக்கியவர்களுள் சேதுபதியும் ஒருவர். சமய சமத்துவத்தை முழங்கிய துறவியை நாடே கொண்டாடியது. நான்கு மாதத்துக்குள் அதே சேதுபதியின் தேவஸ்தானக் கோயில் ஒன்றில் அந்தச் சமத்துவத்துக்குச் சோதனை வந்தது.

கமுதி குண்டாற்றங்கரையில் உள்ள வணிக ஊர். திருச்சுழியைக் கடந்து வரும் ஆறு அடுத்துத் தொடும் பெரிய ஊர் அது. அங்கே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் சேதுபதியின் பரம்பரை அறங்காவலில் இருந்தது. 1897 மே 14 அன்று கமுதி நாடார்கள் சிலர் இருளப்ப நாடார் தலைமையில் தீவட்டியும் மேளமுமாகக் கோயிலுக்குள் நுழைந்து, தாங்களே பூசை செய்து வழிபட்டார்கள். மறைந்தும் பதுங்கியும் இதைச் செய்யவில்லை. கமுதியே பார்க்கச் செய்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூறி, புண்ணியதானச் செலவைக் கேட்டும், நாடார்கள் இனி உள்ளே வரத் தடை கேட்டும் சேதுபதி மதுரைக் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார்.

வழக்கில் இரு தரப்பும் முன்வைத்தவை இரண்டு வேறு உலகங்களின் சான்றுகள். ஒரு தரப்பு ஆகமத்தையும் ஊர் வழக்கத்தையும் காட்டிற்று: யார் எந்த எல்லை வரை வந்திருக்கிறார்கள், யார் வந்ததில்லை. மறு தரப்பு தங்கள் வரலாற்றையும் கல்வியையும் வாழ்க்கை முறையையும் கோயில்களுக்குக் கொடுத்த கொடைகளையும் காட்டிற்று. கோர்ட்டுக்கு எளிதாகப் பிடிபட்டது முதல் தரப்பின் மொழி. விக்டோரியாவின் 1858ஆம் ஆண்டு அறிவிப்புக்குப் பின் சமய விஷயங்களில் உள்ளதை உள்ளபடி காப்பதே ஆங்கில ஆட்சியின் கொள்கை. மாமூல் எதுவோ அதுவே உரிமை. 1899 ஜூலையில் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. மாமூல் என்பது அதிகாரம் வைத்திருந்தவர்கள் வகுத்த நடைமுறை. தடுக்கப்பட்டவரிடம், இதற்கு முன் நீ உள்ளே வந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்பதில் அநீதி இருக்கிறது; அன்றைய சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

தீர்ப்பு வருவதற்கு முன்பே நாடு பற்றி எரிந்துவிட்டது. சிவகாசியில் விசுவநாதர் கோயில் நுழைவைப் பற்றிய தகராறு முற்றி, கோயில் பூட்டப்பட்டது. 1899 ஜூன் 6 அன்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து திரண்ட ஆயிரக்கணக்கான மறவர்களும் அவர்களோடு சேர்ந்த பிறரும் சிவகாசியைத் தாக்கினார்கள். நாடார் வீடுகள் எரிக்கப்பட்டன, இரு பக்கமும் உயிர்கள் போயின. அடுத்த சில வாரங்களில் கலவரம் இராமநாதபுரம் ஜமீனிலும் திருநெல்வேலியிலும் ஊர் ஊராகப் பரவியது. படை வந்து அடக்கிற்று. நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். பின்னர் தண்டப் போலீஸ் நிறுத்தி, அதன் செலவு ஊர்க்காரர்கள் தலையில் வைக்கப்பட்டது. கோடை முடிந்து விதைப்புக்கு முந்தைய, கையில் வேலையும் இல்லாத, வீட்டில் தானியமும் இல்லாத மாதம் அது. கொள்ளை போனவை கடைகளும் தானியக் கிடங்குகளும் என்பதைக் கவனித்தால், சாதிப் பகைக்கு உள்ளே பசியும் கடனும் இருந்தது தெரியும். எரிந்த வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு இந்த விளக்கம் ஆறுதலாகாது என்பதும் உண்மைதான்.

மேல்முறையீட்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தபோது பாஸ்கர சேதுபதி நாடார்களோடு சமரசத்துக்கு வந்தார். கடன் சுமை, கலவரத்தின் அதிர்ச்சி, மனமாற்றம் இவற்றில் எது அவரை அங்கே கொண்டுவந்தது என்று இப்போது பிரித்துப் பார்ப்பது கடினம். அறங்காவலர் கோயிலின் வழக்கத்தைத் தம் விருப்பப்படி விட்டுக்கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கு தொடர்ந்து நடந்து 1901இலும் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. தன் அதிகாரத்தைக் காக்கக் கோர்ட்டை நாடிய அரசர், அதே கோர்ட்டால் தன் சொல்லைத் தான் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் இழந்தார். ஜமீன் உலகத்துக்கும் வணிக உலகத்துக்கும் நடுவில் மூன்றாவதாக வந்த ஆங்கிலச் சட்டம் இருவரையும் மீறி நின்றது. பாஸ்கரர் 1903இல் காலமானார்.

ஜமீன் உலகத்தைக் குறுகிய மனம் படைத்தது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடவும் முடியாது. அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையே உள்ள பாலவநத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், பாஸ்கரருக்கு நெருங்கிய உறவினர். 1901 செப்டம்பரில் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். ஏடுகள் அச்சேறவும் ‘செந்தமிழ்’ இதழ் வெளிவரவும் வழி செய்தவர். ஸ்காட் என்ற ஆங்கிலேயர் திருக்குறளில் எதுகை சரியில்லை என்று தாமே திருத்தி அச்சிட்ட பிரதிகளை அவர் விலைக்கு வாங்கிக் கொளுத்தினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வ.உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பெரும் பணம் கொடுத்துத் தலைவராகவும் இருந்தார். அமெரிக்கா, அச்சு, நீராவிக் கப்பல் என்று தொலைவிலிருந்து வந்த உலகங்களைக் கைநீட்டி வரவேற்ற இந்தத் தலைமுறை, இரண்டு தெரு தள்ளி வாழ்ந்த வணிகரின் உலகத்துக்குக் கோயில் கதவைத் திறக்கவில்லை. தொலைவில் இருப்பவரிடம் பங்கிட எதுவும் இல்லை. அண்டை வீட்டாரிடம் தேர் வீதியையும் சந்நிதியையும் பங்கிட வேண்டியிருந்தது.

1908இல் பிரிவி கவுன்சில், சங்கரலிங்க நாடார் எதிர் ராஜ ராஜேசுவர துரை என்று பெயர் பெற்றிருந்த இந்தக் கமுதி வழக்கில், கீழ்க் கோர்ட்டுகளின் முடிவையே உறுதி செய்தது. பதினோர் ஆண்டு வழக்கும் அதற்குச் செலவான மகமைப் பணமும் வீணாயின என்று அன்று தோன்றியிருக்கும். நடந்தது வேறு. வாசலில் தடுக்கப்பட்ட ஆற்றல் வேறு பக்கம் திரும்பியது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. ஊர் ஊராகத் தனித்திருந்த உறவின்முறைகள் ஒரே குடையின்கீழ் வந்தன. 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய இழிபெயர் நீங்கி நாடார் என்ற பெயர் ஏறியது. அதே ஆண்டு தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். ஆறு ஊர்களிலும் பள்ளிகள் பெருகின, உறவின்முறைக் கோயில்கள் கோபுரத்தோடு எழுந்தன. அரசர் தரும் பரிவட்டம் இல்லாமலே மரியாதை வளர்ந்தது.

அடுத்த தலைமுறை கோயில் வாசலில் காத்திருப்பதையே கேள்வி கேட்டது. பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் போன்றவர்கள் வழியாகச் சுயமரியாதை இயக்கம் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில், புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் ஒரு திருமணம் நடந்தது. சுயமரியாதைத் திருமணங்களுள் முதலாவது என்று பொதுவாகக் கருதப்படுவது இதுவே. பெருநகரத்திலோ காவிரிக் கரையிலோ நடக்காமல், வானம் பார்த்த கரிசல் ஊரில் அது நடந்ததற்குக் காரணம் உண்டு. அந்த மண்ணில் வைதிக ஒழுங்கின் பிடி காவிரிக் கரையில் இருந்த அளவுக்கு ஆழமாக இறங்கியதில்லை. அதனோடு மோதிய நினைவோ பசுமையாக இருந்தது. 1931இல் சுயமரியாதை மாகாண மாநாடு விருதுநகரில் கூடியது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய திருமணங்கள் இந்து சட்டப்படி செல்லாது என்றது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் அவற்றைச் செல்லுபடியாக்கியது. சுக்கிலநத்தத்திலிருந்து சட்டப் புத்தகத்துக்குப் போய்ச்சேர நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

கோயில் வாசல் 1939இல் திறந்தது. ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றவர்களுள் கக்கன் முதலிய ஆதிதிராவிடர்களோடு விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரும் இருந்தார். எதிர்ப்பவர்களுக்கு எதிராக அந்த நுழைவுக்குத் துணை நிற்பதாக அறிவித்தவர், கமுதியை அடுத்த பசும்பொன்னைச் சேர்ந்த மறவர் தலைவர் முத்துராமலிங்கத் தேவர். 1899இன் நினைவோடு பார்த்தால் அந்த ஆதரவின் எடை புரியும். இராஜாஜி அரசு அதே ஆண்டு கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணம் முழுவதும் எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்தது. பிரிவி கவுன்சில் காத்த மாமூல் முப்பத்தொன்பது ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இராமநாதபுரம் ஜமீனும் அரசிடம் போயிற்று.

மறவர் குடிகளுக்கு இந்த இடைக்காலம் வேறு விதமாகக் கழிந்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பின்னாளில் கமுதி, முதுகுளத்தூர் வட்டார மறவர் ஊர்கள் மீதும் பாய்ந்தது. காவலுக்கு இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரவில் போலீஸ் ஸ்டேஷனில் ரேகை வைத்துப் படுக்க வேண்டிய நிலை வந்தது. ஒரு குலத்தில் பிறந்ததையே குற்றமாக்கிய அந்தச் சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போனவர் முத்துராமலிங்கத் தேவர். 1947இல் சென்னை மாகாணம் அதை நீக்கிற்று. 1952 பொதுத்தேர்தலில் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் அவர் வென்றார்.

இந்த மோதல்களில் எல்லாம் குரல் கேட்கப்படாமல் இருந்தவர்கள் பள்ளர், பறையர், சக்கிலியர் குடிகள். 1897இல் கோயில் வாசலைக் கேட்டவர்களின் வாதத்திலும் இவர்களுக்கு இடம் இல்லை. தாங்கள் இவர்களைவிட உயர்ந்தவர்கள் என்பதையே அந்த வாதம் நிறுவ முயன்றது. இவர்கள் தம் உரிமையைத் தாமே கேட்கத் தொடங்கியபோது பழைய தீ மறுபடியும் மூண்டது. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் பள்ளர் குடித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொலை செய்யப்பட்டார். அடுத்து முதுகுளத்தூர் வட்டாரத்தில் எழுந்த கலவரத்தில் பல உயிர்கள் போயின. குண்டாற்றங்கரை ஊர்களில் சேகரன் நினைவு நாள் வரும் செப்டம்பரும் தேவர் குருபூசை வரும் அக்டோபரும் இன்றும் போலீஸ் பாதுகாப்போடு கழிகின்றன.

அருப்புக்கோட்டையில் மகமைக் காசும் தறிக் காசும் கல்லூரிகளாயின. நாடார் உறவின்முறையின் சைவபானு க்ஷத்திரியக் கல்லூரியும் தேவாங்கர் கலைக் கல்லூரியும் 1970ஐ ஒட்டித் தொடங்கப்பட்டன. சுற்றுவட்டார ஊர்களின் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இரண்டிலும் படிக்கிறார்கள். 1977இல் அருப்புக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதியில் நின்று வென்ற எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்று விருதுநகர் என்று வழங்கும் காமராசர் மாவட்டத்தில் சேர்ந்தன. கமுதி இராமநாதபுரத்திலேயே நின்றது.